மேசைப் பணியும் மெய்வருத்தமும்

(ஆண்டுவிழாவின் இரண்டாம் நாள் காலை அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுவிழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. நேற்று மாலை இம்மேடையில் நடந்த பட்டிமன்றத்தில் கண்ணகியின் பக்கமும் மாதவியின் பக்கமும் நாம் அனைவரும் மாறி மாறிக் கைதட்டினோம். இன்று காலையிலோ, கழுத்து நோவையும் மணிக்கட்டுக் கடுப்பையும் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். விழாவுக்குப் பொருந்தாத பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறிவிடும். பெயருக்கு எதிரே குறிக்கப்பெற்றுள்ள தொழில்களுட் பெரும்பாலானவை மேசைமுன் அமர்ந்து செய்யும் தொழில்களே.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கணினியின்முன் அமர்ந்து பணிசெய்வோர்க்கு உடல் வருத்தம் உண்டு. அவ்வருத்தம் பிறர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாத ஒன்றை அளந்துதான் காட்டவேண்டும். எவ்வாறு அளப்பது, அளந்ததை யார் வைத்துக்கொள்வது என்பனவே இன்று யாம் பேச விரும்புவன.

இம்மும்பை மாநகருக்கு நம் முன்னோர் வந்த வழிகள் பல. தாராவியில் தோல் பதனிட்டவர்கள் உண்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் உண்டு. மாதுங்காவில் குடியேறியவர்களுட் பலரோ, சுருக்கெழுத்தையும் தட்டச்சையும் நம்பி ரயிலேறியவர்கள். தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் ஒரு மாடியறையில் பத்துப் பொறிகளை வைத்து நடத்தப்பெற்ற தட்டச்சுப் பயிலகங்களே அவர்களுக்குப் பல்கலைக்கழகங்களாக இருந்தன. விரல்கள்தாம் முதல், அம்முதலைக்கொண்டே வீடு கட்டினர், தங்கைகளுக்குத் திருமணம் செய்துவைத்தனர், தம்பிகளைப் படிக்கவைத்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும், இன்று புதிதாக ஊரிலிருந்து வரும் இளைஞர்களும், பொறி மாறியபோதிலும் அதே விரல்களையே முதலாக வைத்து வாழ்கின்றனர். ஆதலின் விரலுக்கும் தோளுக்கும் நேரும் கேடு நமக்கு ஒரு குடும்பச் செய்தியேயாகும்.

லோயர் பரேல் வழியாகச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். பழைய பஞ்சாலைகள் நின்ற நிலத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள் எழுந்துள்ளன. ஆங்காங்கே ஆலையின் புகைபோக்கி மட்டும் எஞ்சி நிற்கிறது. அவ்வாலைகளில் உழைத்தவர்களின் வருத்தம் எவர்க்கும் தெரிந்த வருத்தம். வியர்வை தெரியும், பஞ்சுத் தூசி தெரியும், இருமல் கேட்கும். கண்ணாடி மாளிகைக்குள் குளிர்ந்த காற்றில், மெத்தை தைத்த நாற்காலியில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து, “உனக்கு என்னப்பா வருத்தம்?” என்றே உலகம் கேட்கும். அவருடைய தாயாரும் அவ்வாறே கேட்பார்.

இவ்வினாவுக்கு விடை புதியதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாசினி என்பார், தொழிலாளரின் நோய்களைப்பற்றிய தம் நூலை 1700-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1713-இல் வந்த விரிந்த பதிப்பில் எழுத்தர்களின் நோயையும் ஆராய்ந்தார். அவர் கண்ட காரணங்கள் மூன்று: இடைவிடாது அமர்ந்திருத்தல், கையை ஒரே போக்கில் ஓயாது அசைத்தல், பிழை நேராதவாறு உள்ளத்தைக் குவித்து வைத்திருத்தல். வலக்கை சோர்ந்து பயனற்றுப் போனதால் இடக்கையால் எழுதப் பழகி, பின்னர் அக்கையும் அவ்வாறே சோர்ந்துபோன ஓர் எழுத்தரையும் அவர் குறிப்பிடுகிறார். இறகுப் பேனாவின் காலத்தில் எழுதப்பெற்ற இம்மூன்று காரணங்களுள் ஒன்றையேனும் இன்றைய நூல்கள் நீக்கிவிடவில்லை. மூன்றாவது காரணத்தை அவர் கண்டுகொண்டது எமக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

தந்திப்பொறி வந்தது, தந்தியாளரின் கைப்பிடிப்பு என்னும் நோயும் உடன் வந்தது. பிரிட்டனில் 1908-இல் அதனை இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். கணினி வந்தபின் 1980-களில் ஆஸ்திரேலியாவில் விசைப்பலகைப் பணியாளரிடையே கைநோவு பெருவாரியாகப் பரவியது. அது மெய்யான நோயா, மனத்தின் மயக்கமா, இழப்பீட்டை நாடிய சூழ்ச்சியா என்று அந்நாட்டு மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் ஆண்டுக்கணக்கில் வாதிட்டனர். வெளியே வீக்கமில்லை, எலும்பு முறியவில்லை, ஒளிப்படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயாளியின் சொல்லை யார் நம்புவர்? அளவை முறைகள் அடுத்த பத்தாண்டில் விரைந்து வளர்ந்தமைக்கு இவ்வழக்குகளும் ஒரு தூண்டுதல் என்றே யாம் கருதுகிறோம்.

இனி, நோவு எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சிறிது பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ளது. ஒரு கை முழுவதும் உடலெடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவர்க்கு 3 கிலோ. தலை நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதனைத் தாங்குகிறது. முன்னே குனிந்துவிட்டாலோ பிடரியின் தசைகள் அதனை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். கை விலாவை ஒட்டி இருக்கும்போது தோளுக்கு வேலை குறைவு. மவுஸைப் பிடிக்க முன்னும் பக்கமுமாக நீட்டியபோது அந்த 3 கிலோவையும் தோளே சுமக்கிறது. கிணற்றில் நீர் இறைப்பவரின் தசை சுருங்கும், தளரும். தளரும்போது குருதி புகுந்து ஊட்டம் தரும். மவுஸ் பிடித்தவரின் தோள்தசை சுருங்குகிறது, தளர்வதில்லை. சுமை சிறிது, ஆனால் இறக்கிவைக்க இடமில்லை.

எவ்வளவு சிறிய சுமை தீங்கு தரும்? ஸ்வீடனின் யோன்சன் என்னும் ஆய்வாளர் தசையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1970-களின் இறுதியில் ஒரு வரம்பைக் கூறினார். நாள் முழுதும் விடாது நிற்கும் சுமை, அத்தசையின் முழு வலிமையில் நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டுதல் நன்றன்று. 5 பங்கை எவ்வகையாலும் தாண்டலாகாது என்றார். நூற்றுக்கு இரண்டு என்பது பணியாளர் தாமும் உணராத அளவு!

அந்நாட்டவரே ஆன ஹேக் என்பார் 1991-இல் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். ஒரு தசையில் உள்ள நார்க்கூட்டங்கள் அனைத்தும் ஒரே சமயத்தில் வேலைக்கு வருவதில்லை. சில சிறு கூட்டங்கள் எப்போதும் முதலில் எழுகின்றன. தசை முற்றும் ஓயும் வரையில் அவையே ஓயாமல் உழைக்கின்றன. அவர் சிறுவர் கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயரை இக்கொள்கைக்கு இட்டார். நமக்கு அக்கதை வேண்டுவதில்லை. கூட்டுக் குடும்பத்தில் கோழி கூவும் முன் எழுந்து, எல்லாரும் உறங்கியபின் அடுப்பை மெழுகிவிட்டுப் படுக்கும் மருமகளை நாம் அறிவோம். வீட்டின் மொத்த வேலை சிறிதாயினும் பெரிதாயினும் அவளுக்கு ஓய்வில்லை. தோள்தசைக்குள்ளும் அத்தகைய மருமகள்கள் இருக்கின்றனர் என்பதே அக்கொள்கை.

பழைய தட்டச்சுப் பொறியின் விசை கடினமானது. ஓங்கி அடித்தால்தான் எழுத்து விழும். ஆயினும் வரி முடிந்ததும் மணி அடிக்கும். இடக்கையால் உருளையைத் தள்ளவேண்டும். தாள் முடிந்ததும் எடுத்து, கார்பன் தாளை அடுக்கி, மீண்டும் செருகவேண்டும். அடித்ததைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்ட எழுந்து நடக்கவேண்டும். இவையெல்லாம் பொறியே வலிந்து தந்த ஓய்வுகள். கணினி இவ்வனைத்தையும் நீக்கிவிட்டது. கோப்பை எடுக்க எழவேண்டாம். அடுத்த மேசைக்காரரிடம் சொல்லவேண்டியதையும் எழுத்தாலேயே அனுப்பிவிடலாம். தட்டச்சர் ஒருவர் முப்பதாண்டு அடித்தும் கை நோகவில்லை என்று தம் பேரனைக் கடிந்துகொள்ளும்போது, இவ்வேறுபாட்டை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அளக்கும் முறைகளுக்கு வருவோம். முதல் முறை, கேட்பது. இது எளிது என்று தோன்றும்; அன்று. நோவைக் கேட்க மொழி வேண்டும். நம் இளைஞர் மருத்துவரிடம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு வருகின்றனர். தமிழில் நமக்கு எத்தனை சொற்கள்! தசை களைத்தால் கடுப்பு. எலும்புக்குள் துருவுவதுபோல் இருந்தால் குடைச்சல். நரம்பு நசுங்கினால் மதமதப்பு, விறுவிறுப்பு. தசை இறுகினால் பிடிப்பு. திடீரென்று திருகிக்கொண்டால் சுளுக்கு. இவை வெறும் சொல்லடுக்குகள் அல்ல. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் இரவு மதமதப்பு என்று ஒருவர் சொன்னால் மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பை ஐயுறவேண்டும். சுண்டுவிரலில் என்றால் முழங்கையின் உட்புறத்தே செல்லும் வேறொரு நரம்பை ஐயுறவேண்டும். தோளில் கடுப்பு என்றால் அது பெரும்பாலும் தசையின் கூக்குரல். பாட்டியிடம் சொல்வதுபோல மருத்துவரிடமும் சொல்லப் பழகினால் நோயறிதல் பாதி முடிந்துவிடும்.

ஒழுங்காகக் கேட்பதற்கென்றே வட ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர்கள் 1987-இல் ஒரு வினாத்தாளை வகுத்தனர். நார்டிக் வினாத்தாள் என்பது அதன் பெயர். உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்த ஒரு படம் அதில் உண்டு: கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டும் கையும், மேல்முதுகு, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால். ஒவ்வொன்றுக்கும் மூன்றே வினாக்கள். கடந்த 12 மாதங்களில் இங்கே நோவு இருந்ததா? அதனால் வழக்கமான வேலை தடைப்பட்டதா? கடந்த 7 நாட்களில் இருந்ததா? இவ்வளவுதான். ஆயினும், ஓர் அலுவலகத்தில் ஒரே வரிசையில் அமர்ந்திருப்போர் அனைவரும் வலத்தோளைக் குறித்துவைத்தால், அது தனியொருவரின் சோம்பல் என்று எவரும் தள்ளிவிட முடியாது. இத்தாளின் வலிமை அதுவே.

இரண்டாவது முறை, பார்ப்பது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மெக்காட்டம்னி, கார்லெட் ஆகிய இருவரும் 1993-இல் ரூலா என்னும் முறையை வெளியிட்டனர். பணியாளரைப் பக்கத்தில் நின்று பார்த்து, மேற்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, உடல் ஆகியன எவ்வளவு கோணத்தில் வளைந்துள்ளன என்பதற்கு எண் இட்டு, அட்டவணையில் கூட்டினால் 1 முதல் 7 வரை ஒரு மதிப்பு வரும். 1, 2 எனின் குறையில்லை. 7 எனின் உடனே மாற்றவேண்டும். தையற்கூடத்துக்கும் கணினி மேசைக்கும் ஒருங்கே பொருந்துமாறு இது அமைந்தது.

அலுவலகத்துக்கென்றே தனியாக வந்தது ரோசா. கனடாவின் விண்ட்ஸர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோன் என்பாரும் அவருடைய உடனாய்வாளர்களும் 2012-இல் இதனை வெளியிட்டனர். இது மனிதரை மட்டும் பார்ப்பதில்லை. நாற்காலி, திரை, தொலைபேசி, விசைப்பலகை, மவுஸ் ஆகிய அனைத்தையும் பார்க்கிறது. மொத்த மதிப்பு 10 வரை செல்லும். 5-ஐத் தாண்டினால் மேலும் ஆராய்ந்து திருத்தவேண்டும் என்பது விதி.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். நம் அலுவலக மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரமுள்ளவை. அவர் பாதம் தரையில் படுமாறு அமர்ந்தால் அவருடைய முழங்கை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கை வைக்கவேண்டிய மேசையோ 15 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே! எனவே தோளைத் தூக்கிக்கொண்டு தட்டுகிறார், பிடரி இறுகுகிறது. அதனைப் போக்க நாற்காலியை உயர்த்துகிறார்; இப்போது கால் தரையில் படவில்லை. ரோசா முறையில் இருக்கையின் உயரம் பொருந்தினால் மதிப்பு 1. சற்றுத் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் 2. கால் தரையிலே படாது தொங்கினால் 3. தொலைபேசியைக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டால் அதற்கு 2 கூட்டவேண்டும். விசைப்பலகை ஒரு தட்டிலும் மவுஸ் அதற்கு மேலே வேறொரு பரப்பிலும் இருந்தால் அதற்கும் 2 கூட்டவேண்டும். இப்பெண்மணி எந்தத் தவறும் செய்யவில்லை; மேசை செய்தவர் அவரை நினைக்கவில்லை.

தீர்வு என்ன? கால் வைக்க ஒரு தாங்கி. கடைகளில் விற்கிறார்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த மணைப்பலகை ஒன்று அடியில் கிடந்தாலும் அவ்வேலையைச் செவ்வனே செய்யும். அலுவலகத்துக்கு மணைப்பலகை எடுத்துச் செல்வதா என்று நாணவேண்டியதில்லை. இந்தியரின் உடலளவுகளை நாடெங்கும் எடுத்துத் தொகுத்த டெப்குமார் சக்ரவர்த்தியின் நூலை அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இலேயே வெளியிட்டது. அளவுகள் நம்மிடம் இல்லாமலில்லை. நாற்காலி வாங்கும் அதிகாரிக்கு அவை எட்டவில்லை.

இம்முறையில் எமக்கு மிகவும் பிடித்தது காலக் கணக்கு. ஒரே நிலையில் விடாது ஒரு மணி நேரத்துக்கு மேலோ, நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேலோ அமர்ந்தால் மதிப்புடன் 1 கூட்டவேண்டும். விடாது அரைமணிக்கும், நாளில் ஒரு மணிக்கும் குறைந்தால் 1 கழிக்கவேண்டும். அஃதாவது, நல்ல நாற்காலியும் நீண்ட நேரத்தால் கெட்டதாகிறது. முதுகைப்பற்றிய ஆய்வும் இதனையே உணர்த்துகிறது. ஸ்வீடனின் நாக்கெம்சன் 1960-களில் முதுகெலும்பின் இடைத்தட்டில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட அமர்வதில் அழுத்தம் மிகுதி என்றார். ஜெர்மனியின் வில்கே குழுவினர் 1999-இல் ஒருவரின் தட்டில் அளவியைப் பொருத்திப் பார்த்து, தளர்ந்து அமரும்போது அழுத்தம் நிற்பதைவிட மிகுதியன்று என்றனர். நாள் முழுதும் நிலை மாறிக்கொண்டிருத்தல் தட்டின் ஊட்டத்துக்கு நன்று என்றும் கூறினர். ஆகவே, “நேராக உட்கார்” என்று பிள்ளைகளை அதட்டுவதைவிட, “எழுந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவா” என்று ஏவுவது மேலான மருத்துவம்.

மூன்றாவது முறை, கருவி. தோளின்மேல் மின்வாய்களை ஒட்டித் தசையின் அலையைப் பதிவுசெய்யலாம். மணிக்கட்டில் கோணமானியைப் பொருத்தலாம். கணினிக்குள்ளேயே ஒரு செயலியை வைத்து, விசைகள் தட்டப்பெற்ற நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் எண்ணலாம். கண்ணையும் அளந்திருக்கின்றனர். ஜப்பானில் சுபோட்டா, நகமோரி ஆகியோர் 1993-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓய்வாக இருப்பவர் நிமிடத்துக்கு 22 முறையும், நூல் படிப்பவர் 10 முறையும், திரையைப் பார்ப்பவர் 7 முறையுமே இமைத்தனர். மாலையில் கண் எரிவதற்கு வேறு காரணம் தேடி அலையவேண்டியதில்லை.

கருவி எண்ணியதையும் மனிதர் சொன்னதையும் ஒப்பிட்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. டென்மார்க் முதலிய நாடுகளில் செய்த ஆய்வுகளில், பணியாளர்கள் தாம் கணினியில் செலவிட்டதாகச் சொன்ன நேரம் கணினி பதிந்த நேரத்தைவிட மிகுதியாக இருந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. திரையைப் பார்த்துச் சிந்தித்துக்கொண்டிருந்த நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட்டனர். கணினியோ விசை தட்டப்பெறாத நேரத்தை ஓய்வென்று எழுதிவைத்தது. கழுத்து அப்போதும் குனிந்துதான் இருந்தது. எனவே கேட்டதை மட்டும் நம்பினாலும் குறை. கருவியை மட்டும் நம்பினாலும் குறை.

எண்களை மிகைப்படுத்திப் பேசுவதும் தகாது. கணினியில் வேலைசெய்வோர் அனைவர்க்கும் மணிக்கட்டு நரம்பு நசுங்கிவிடும் என்ற அச்சம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. ஏறத்தாழ 7,000 டேனியப் பணியாளரை ஆராய்ந்து 2003-இல் வெளியான கட்டுரை அவ்வச்சத்தைப் பெரிதும் குறைத்துவிட்டது. விசைப்பலகையால் அந்நோய்க்குப் பேரிடர் இல்லை என்பதே அதன் முடிவு. ஆஸ்திரேலியாவில் தொலைபேசித் துறைப் பணியாளரை ஆராய்ந்தபோதும் எதிர்பாராத செய்தி ஒன்று கிடைத்தது. மிகுதியாக விசை தட்டிய தந்திப் பணியாளரிடையே நோவு மிகக் குறைவாகவும், அவர்களைவிடக் குறைவாகத் தட்டிய தொலைபேசி இணைப்பாளரிடையே மிகுதியாகவும் இருந்தது. தட்டிய எண்ணிக்கை மட்டுமே காரணமாயின் இது தலைகீழாக அன்றோ இருந்திருக்கவேண்டும்? வேலையின் சலிப்பு, மேற்பார்வையின் கெடுபிடி, தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்துகொள்ள இயலாமை ஆகியனவும் உடலிலேயே வந்து தங்குகின்றன. ராமாசினியின் மூன்றாவது காரணத்துக்கு மீண்டும் வந்துவிட்டோம் அல்லவா?

அலுவலகத்தைவிட்டு நம் வீடுகளுக்கு வருவோம். 2020-இல் பெருந்தொற்றின்போது அலுவலகங்கள் மூடப்பெற்று, வேலை வீட்டுக்குள் நுழைந்தது. இந்நகரின் வீடு எத்தகையது என்பதை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஓர் அறையும் சமையற்கட்டும், அதில் நால்வர். மடிக்கணினியைக் கட்டிலின்மேல் வைத்துச் சம்மணமிட்டு அமர்ந்தவர்கள் உண்டு; இஸ்திரி மேசையை எழுது மேசையாக்கியவர்கள் உண்டு; குழந்தையின் பள்ளி வகுப்பு மேசையைப் பிடித்துக்கொண்டதால் அரிசி டிரம்மின்மேல் கணினியை வைத்து நின்றுகொண்டே வேலைபார்த்தவர்களும் உண்டு. மடிக்கணினியின் இயல்பிலேயே ஒரு கேடு இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. திரை கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் இருந்தால் கை தூக்கப்படும். விசைப்பலகை கைக்கு ஏற்ற உயரத்தில் இருந்தால் தலை குனியும். தனியாக ஒரு விசைப்பலகையும் மவுஸும் வாங்கி, கணினியைப் பழைய தீபாவளி மலர்களின் அடுக்கின்மேல் ஏற்றி வைத்தால் இருவகைக் கேடும் நீங்கும். கணக்கு வேலையில்லாதவர்கள் வலப்புறம் எண்விசைகள் இல்லாத சிறிய விசைப்பலகையையே வாங்குதல் நன்று. மவுஸ் உடலுக்கு அருகில் வந்துவிடும், தோள் பிழைக்கும். வீட்டிலிருந்து பணிசெய்யும் வழக்கம் பலர்க்கு இன்றும் ஓரளவு நீடிக்கிறது. அலுவலகத்தில் நாற்காலியை அளக்க ஒருவர் வந்தாலும் வரக்கூடும். வீட்டு அரிசி டிரம்மை அளக்க எவரும் வரப்போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலைத் தந்தது. ஈய நஞ்சு உண்டு, சிலிக்கோசிஸ் உண்டு, பஞ்சாலைத் தொழிலாளரின் நுரையீரல் நோயான பிஸினோசிஸ் உண்டு, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் உண்டு. 2020-இல் இயற்றிய புதிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அத்தகைய பட்டியல் இடம்பெற்றது. கழுத்தும் தோளும் மணிக்கட்டும் அதில் இல்லை. லோயர் பரேலில் ஆலை நின்றபோது அந்நிலத்தில் பிறந்த நோய்க்குச் சட்டத்தில் பெயர் இருந்தது. மாளிகை நிற்கும்போது பிறக்கும் நோய்க்குப் பெயர் இல்லை. ஐரோப்பிய நாடுகளோ, திரைமுன் பணிபுரிவோரின் இருக்கையையும் மேசையையும் ஆராய்ந்து குறைகளைக் களைதல் வேலைதருவோரின் கடமை என்று 1990-இலேயே ஆணை பிறப்பித்துவிட்டன.

பெயர் இல்லாத நோயைச் சொல்லப் பணியாளர் அஞ்சுகின்றனர். ஒப்பந்தம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பெறும் நிலையில், “கை நோகிறது” என்று எழுதிக்கொடுப்பவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்பதே அவர்தம் ஐயம். ஊரில் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் தந்தையின் மருந்துச் செலவும் அக்கையை நம்பியிருக்கும்போது, நோவை மறைத்துக்கொண்டு வலி மாத்திரையை விழுங்குவதே எளிதாகத் தோன்றுகிறது. தொடக்கத்தில் ஓய்வாலும் மேசை மாற்றத்தாலும் தீர்ந்திருக்கக்கூடிய நோவு, இவ்வாறு மறைக்கப்பெற்றே நாட்பட்ட நோயாக முற்றுகிறது. இவ்விடத்தில் அளவையைப்பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தோளின் ஓய்வைக் காக்கும் பொருட்டு விசைத் தட்டல்களை எண்ணுகின்ற அதே செயலி, யார் குறைவாகத் தட்டினார் என்று மேற்பார்வையாளரிடம் கோள் சொல்லவும் வல்லது. மருந்தும் நஞ்சும் ஒரே குப்பியில் இருக்கின்றன. எண்கள் யாருடைய பெட்டியில் வைக்கப்பெறுகின்றன என்று கேளாமல் எந்த அளவைக்கும் எவரும் இசையவேண்டாம் என்பது எம் துணிபு.

ஆதலின், அளவையின் முதற்படியை நம் சங்கத்திலேயே தொடங்கலாம் என்று செயற்குழுவிடம் வேண்டினோம், அவர்களும் இசைந்துள்ளனர். ஒன்பது உடற்பகுதிகளின் படத்துடன் கூடிய வினாத்தாள் ஒன்றைத் தமிழில் அச்சிட்டு வைத்துள்ளோம். கடுப்பா, குடைச்சலா, மதமதப்பா, பிடிப்பா என்று குறிக்கத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வயது, நாளொன்றுக்குத் திரைமுன் அமரும் மணிகள், அமருமிடம் அலுவலகமா வீடா என்பன கேட்கப்பெறும். பெயரும் கேட்கப்பெறாது, வேலைதருவோரின் பெயரும் கேட்கப்பெறாது. வீட்டில் தையற்பொறி வைத்திருக்கும் தாய்மார்களும் நிரப்பலாம். அவர்களுடைய தோளும் தோளே. தாள்கள் நூலகத்தின் மேசையில் உள்ளன. நிரப்பியவற்றை வாயிலருகே உள்ள பூட்டிய பெட்டியில் இடுக. நார்ப்பட்டையும் ரோசா அட்டவணையும் கொண்டு, விரும்புவோரின் மேசையையும் நாற்காலியையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து அளந்து தர எம் குழுவினர் நால்வர் இசைந்துள்ளனர். முகவரியை நூலகரிடம் கொடுத்தால் போதும். இரண்டு மணி நேரமாக மடக்கு நாற்காலியில் அசையாது அமர்ந்திருக்கிறீர்கள். வெளியே காப்பி வந்துவிட்டது.